பாலைவனத்து முள்வாலன் தண்ணீருக்கு என்ன செய்கிறது?

கேள்வி: நான் பசறைப் பக்கம் ஒரு தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவள். சவூதியில் சில வருடம் வீட்டுவேலை செய்துவிட்டுத் திரும்பியிருக்கிறேன். அங்கே மழை முடிந்து புல் முளைக்கும் காலத்தில் வீட்டாரோடு பாலைவனத்தில் கூடாரம் அடித்துத் தங்குவோம். அப்போது உடும்பு மாதிரிப் பெரிய பிராணி ஒன்றைப் பிடித்து வருவார்கள். ‘தப்’ என்று அதற்குப் பெயர். பிறந்ததிலிருந்து சாகும்வரை அது தண்ணீரே குடிக்காதாம். முள் முள்ளாக இருக்கிற வாலுக்குள் தண்ணீரைச் சேர்த்து வைத்திருக்குமாம். வீட்டுக்கார அம்மா சொன்னார். அதன் மூக்கு ஓட்டையைச் சுற்றி வெள்ளையாக ஏதோ காய்ந்து ஒட்டியிருந்ததையும் பார்த்தேன். அது நோயா? இன்னொன்று: நம் ஊரில் கச்சான் அடிக்கிற மாதங்களில் தேயிலையே வாடுகிறது, ஓணான் மட்டும் தெம்பாகத் திரிகிறது. அதுவும் தண்ணீர் குடித்து நான் கண்டதில்லை. இரண்டுக்கும் ஏதாவது சம்பந்தம் உண்டா? – ஒரு வாசகி, பசறை

பதில்: 

மூக்கைச் சுற்றியிருந்த வெள்ளையைக் கவனித்து எழுதியிருக்கிறீர்களே, அதற்கு முதலில் நன்றி. அந்தப் பிராணியைக் காண்கிறவர்கள் வாலைத்தான் பார்ப்பார்கள். வால் அப்படிப்பட்டது. ஆனால் நீங்கள் கேட்ட கேள்விக்கு விடையில் பாதி மூக்கில்தான் இருக்கிறது. அது நோய் அல்ல. அந்தப் பிராணி நலமாக இருக்கிறது என்பதற்கு அடையாளம். எப்படி என்று படிப்படியாகச் சொல்கிறேன்.

முதலில் ஆளை அடையாளம் காண்போம். உருவத்தில் உடும்பு மாதிரி இருந்தாலும் அது உடும்பு இனம் இல்லை. உடும்பு வேட்டையாடும் பிராணி. பாம்புக்கு இருப்பதுபோல் பிளவுபட்ட நாக்கை நீட்டி மோப்பம் பிடித்து, எலி, முட்டை, நத்தை, செத்துக்கிடப்பது என்று எதையும் விழுங்கும். நீங்கள் பார்த்தது இலை தின்னி. நாக்கு தடித்தது, முகம் மொட்டையானது. ‘அகாமிடே’ என்று விலங்கியலார் சொல்லும் குடும்பத்தைச் சேர்ந்தது. எளிய தமிழில் சொன்னால் ஓணான் குடும்பம். பசறைத் தேயிலை மலையில் தலையாட்டிக்கொண்டு நிற்கிற ஓணானுக்குப் பாலைவனத்தில் வாழ்க்கைப்பட்ட சொந்தம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆக, இரண்டுக்கும் சம்பந்தம் உண்டா என்று நீங்கள் கேட்டது மிகச் சரியான கேள்வி.

இதன் அறிவியற் பெயர் யூரோமாஸ்டிக்ஸ் ஈஜிப்டியா. தமிழில் முள்வால் ஓணான் எனலாம். இங்கே சுருக்கமாக முள்வாலன் என்று எழுதுகிறேன். எகிப்தின் கிழக்கிலிருந்து அரேபியா முழுவதும், ஈராக், ஈரான் ஓரம் வரைக்கும் பரவியிருக்கிறது. இதை முதலில் முறையாக எழுதிவைத்தவர் பீட்டர் ஃபோர்ஸ்கோல் என்ற இயற்கையியலாளர். டென்மார்க் மன்னர் அரேபியாவுக்கு அனுப்பிய ஆய்வுக்குழுவில் போனவர், 1763இல் யெமனில் மலேரியாவால் இறந்துபோனார். உயிரோடு ஊர் திரும்பிய அவருடைய தோழர் கார்ஸ்டன் நீபூர் அந்தக் குறிப்புகளை 1775இல் அச்சிட்டார். அந்தப் புத்தகத்தின் வழியாகத்தான் முள்வாலனுக்கு அறிவியலில் பெயர் கிடைத்தது. நன்கு வளர்ந்த ஒன்று மூக்கிலிருந்து வால் நுனிவரை 70 சென்ரிமீற்றர் அளவுக்கு வரும். எடை இரண்டு மூன்று கிலோ இருக்கும். ஓணான் குடும்பத்தில் இவ்வளவு பெரியவை மிகக் குறைவு.

இப்போது வாலுக்கு வருவோம். வாலுக்குள் தண்ணீர் இல்லை. தண்ணீரைத் தேக்கி வைக்கும் பையோ குழியோ அதில் கிடையாது. எலும்பு, தசை, கொழுப்பு, வெளியே வளையம் வளையமாக அடுக்கிய முட்செதில்கள், அவ்வளவுதான். அந்த முள் எதற்கு என்பதை, பிடிக்கப் போனவர்கள் கையில் அடி வாங்கியே அறிந்திருப்பார்கள். எதிரி வந்தால் வளைக்குள் தலையை விட்டுக்கொண்டு வாலை வாசலில் வைத்து இடமும் வலமும் வீசும். உடம்பை ஊதிப் பெருக்கி வளையின் சுவரோடு இறுகிக்கொள்ளும். நரியோ கழுகோ இழுத்து எடுப்பது லேசான காரியம் இல்லை.

“தண்ணீர் இல்லாவிட்டால் கொழுப்பு இருக்கிறதே, கொழுப்பு கரைந்தால் தண்ணீர் வருமே” என்று படித்தவர்களும் சொல்வதுண்டு. ஒட்டகத்தின் திமிலைப் பற்றியும் இதே பேச்சு உண்டு. இதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. ஒரு கிராம் கொழுப்பு உடலுக்குள் எரிந்தால் ஒரு கிராமுக்குச் சற்று மேலாகவே தண்ணீர் உண்டாகும். ஆனால் கொழுப்பை எரிக்க ஒட்சிசன் வேண்டும். ஒட்சிசனுக்கு மூச்சு இழுக்க வேண்டும். வறண்ட காற்றை உள்ளே இழுத்து ஈரக்காற்றாக வெளியே விடும்போது, கொழுப்பு தந்த தண்ணீரில் பெரும்பங்கு மூச்சோடு போய்விடும். நோர்வேயில் பிறந்த உடலியலாளர் நுட் ஷ்மிட்-நீல்சன் 1950களில் அல்ஜீரியாவின் சகாராப் பாலைவனத்தில் தங்கி ஒட்டகங்களை ஆராய்ந்தார். திமில் என்பது உணவுக் கிடங்கே தவிர, தண்ணீர்த் தொட்டி அல்ல என்று காட்டினார். முள்வாலனின் வாலுக்கும் அதே தீர்ப்புதான். தின்பதற்கு ஒன்றும் கிடைக்காத மாதங்களுக்கு அது சோறு.

அடுத்தது, “குடிக்கவே குடிக்காது” என்ற பேச்சு. இது மிகப் பழைய நம்பிக்கை. ஒருநாளும் நடக்காத காரியத்தைச் சொல்ல, முள்வாலன் தண்ணீருக்கு வரும் நாளில் பார்க்கலாம் என்று அரபியர் பழங்காலத்திலேயே சொல்லியிருக்கிறார்கள். அதைப் பொய் என்று தள்ள மாட்டேன். பாலைவனத்து மக்கள் கூர்ந்து பார்க்கிறவர்கள். ஆடும் ஒட்டகமும் கூடுகிற கிணற்றடிக்கோ சுனைக்கோ இது வராது என்பது உண்மை. ஆனால் மழை பெய்து பக்கத்தில் தண்ணீர் தேங்கினால் நக்கிக் குடிக்கும். குடிக்க முடியாத பிராணி அல்ல. குடிக்காமல் காலம் தள்ளத் தெரிந்த பிராணி. எப்படித் தள்ளுகிறது என்பதுதான் கேள்வி.

வருமானம் குறைந்த வீட்டில் என்ன செய்வோம்? வரவைக் கூட்ட முடியாதபோது செலவைப் பிடித்து வைப்போம். முள்வாலனும் அதையேதான் செய்கிறது. தண்ணீர் வருவது இலையிலிருந்து. நீங்கள் கூடாரம் அடித்த காலத்தை நினைத்துப் பாருங்கள். குளிர்கால மழைக்குப் பிறகு பாலைவனம் சில வாரம் பச்சையாக இருக்கும். அந்தத் தளிர்களின் எடையில் பெரும்பகுதி தண்ணீர்தான். முள்வாலன் அந்த வாரங்களில் வயிறு நிறையத் தின்று வாலையும் வயிற்றையும் கொழுக்க வைத்துக்கொள்கிறது. அதைப் பிடிக்கப் போகிறவர்களும் அதே காலத்தில்தான் போகிறார்கள், அது வேறு வருத்தம். கோடை ஏறியதும் செடிகள் காயும். தளிர் போய் உப்புப் பிடித்த தடித்த இலைகளும் காய்ந்த விதைகளும்தான் மிஞ்சும். வரவு அத்தோடு சரி. செலவுதான் சுவையான கதை.

ஒரு பிராணியின் உடலிலிருந்து தண்ணீர் போகும் வழிகள் மூன்று: தோல், மூச்சு, கழிவு.

தோலைப் பற்றி ஒரு தவறான எண்ணம் உண்டு. செதில் இருப்பதால்தான் பல்லி, பாம்பு இவற்றின் உடம்பு காயாமல் இருக்கிறது என்று நினைக்கிறோம். 1972இல் அமெரிக்க ஆய்வாளர் இருவர், செதிலே இல்லாமல் பிறந்த ஒரு பாம்பை எடுத்து, அதன் தோல் வழியே எவ்வளவு ஈரம் போகிறது என்று அளந்தார்கள். செதில் உள்ள பாம்பு இழக்கும் அளவுதான் இதுவும் இழந்தது. ஈரத்தைத் தடுப்பது செதில் அல்ல, தோலின் அடுக்குகளுக்கு இடையே மெல்லிசாகப் படிந்திருக்கும் கொழுப்புப் படலம். வியர்வைச் சுரப்பியும் இந்தப் பிராணிகளுக்குக் கிடையாது. ஒரு நாள் முழுவதும் கொழுந்து பறித்தால் நமக்குச் சட்டை நனைந்துவிடுகிறது; முள்வாலனுக்கு அந்தச் செலவே இல்லை.

வியர்க்காவிட்டால் சூட்டில் எப்படித் தாங்கும் என்று கேட்பீர்கள். தாங்குவதில்லை, ஒதுங்கிக்கொள்கிறது. கோடை நண்பகலில் அரேபிய மண்ணின் மேற்பரப்பு 60 பாகை செல்சியஸைத் தாண்டும். அந்த நேரத்தில் முள்வாலன் வெளியே இருக்காது. பல மீற்றர் நீளத்துக்குச் சரிவாகத் தோண்டிய வளைக்குள் இருக்கும். உள்ளே போகப் போகச் சூடு குறையும், காற்றில் ஈரப்பதம் கூடும். அது விடுகிற மூச்சின் ஈரமே வளைக்குள் தங்கி, அடுத்த மூச்சில் இழக்கும் தண்ணீரைக் குறைக்கிறது. காலையில் வெளியே வரும்போது உடம்பு கருத்திருக்கும், வெயிலைச் சீக்கிரம் உறிஞ்ச. உடல் சூடேறி 40 பாகைக்குக் கிட்ட வந்ததும் வெளிறி மஞ்சளாகிவிடும், வெயிலைத் திருப்பி அனுப்ப. சூடு அதற்குத் தேவைதான். நார் மிகுந்த இலையை, பெருங்குடலில் வாழும் நுண்ணுயிர்களை வைத்துப் புளிக்கச் செய்துதான் செரிக்கிறது. உடம்பு சூடாக இல்லாவிட்டால் அந்த வேலை நடக்காது. கூடவே இன்னொரு சிக்கனம்: உடற்சூட்டைத் தானே உண்டாக்க வேண்டியதில்லை என்பதால், ஒரே எடையுள்ள பாலூட்டிக்குத் தேவைப்படும் சக்தியில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கே இதற்குப் போதும். சக்தி குறைந்தால் மூச்சு குறையும், மூச்சு குறைந்தால் ஈரச்செலவும் குறையும். குளிர்காலத்தில் வளைக்குள்ளேயே மாதக்கணக்கில் அசையாமல் கிடக்கும்.

இனி கழிவு. சகோதரி, இந்த இடத்தில் சவூதிக்குத் திரும்பிப் போக வேண்டியதில்லை. உங்கள் வீட்டுச் சுவரைப் பாருங்கள். பல்லியின் எச்சம் கருப்பாக இருக்கும், ஒரு நுனி மட்டும் வெள்ளையாக இருக்கும். தரை கூட்டும்போது தினமும் பார்த்திருப்பீர்கள். கருப்பு மலம். வெள்ளை என்ன தெரியுமா? அதுதான் பல்லியின் சிறுநீர்.

நாம் தின்னும் புரதம் உடலில் உடைந்ததும் நைதரசன் கழிவு மிஞ்சும். அதை வெளியேற்றியாக வேண்டும். மனிதரும் ஆடு மாடும் அதை யூரியாவாக மாற்றி வெளியேற்றுகிறோம். யூரியா தண்ணீரில் நன்றாகக் கரையும்; தேயிலைக்குப் போடுகிற உரம் வாளித் தண்ணீரில் நொடியில் கரைவதைப் பார்த்திருப்பீர்கள். கரைந்த நிலையில்தான் அதை உடலிலிருந்து அனுப்ப முடியும் என்பதால், ஒவ்வொரு முறையும் கூடவே தண்ணீரையும் கொடுத்தனுப்ப வேண்டியிருக்கிறது. பல்லி, ஓணான், முள்வாலன், பறவை இவையெல்லாம் அதை யூரிக் அமிலமாக மாற்றுகின்றன. யூரிக் அமிலம் தண்ணீரில் கரையவே கரையாது என்று சொல்லலாம். ஒரு லீற்றர் தண்ணீரில் ஒரு கிலோ யூரியா வரை கரையும். யூரிக் அமிலம் ஒரு கிராமில் பத்தில் ஒரு பங்குகூடக் கரையாது. நம் உடலில் இது கூடிப்போனால் கரைய வழியில்லாமல் கால் பெருவிரல் மூட்டில் மணிமணியாகப் படிந்து உயிரை வாங்கும். கிளினிக்கில் இரத்தம் சோதித்து “யூரிக் அசிட் கூட” என்று சொல்வது இதைத்தான். நமக்கு நோயான அந்தக் குணமே பல்லிக்கு வரம். கரையாத பொருளுக்குத் தண்ணீரில் வேலையில்லை. மலமும் சிறுநீரும் முட்டையும் ஒரே வழியாக வெளியேறும் குழியை, அதைக் கழியறை என்பார்கள், சிறுநீர் வந்தடையும்போது யூரிக் அமிலம் தூளாகப் படிந்துவிடும். மிச்சத் தண்ணீரை உடல் திரும்ப உறிஞ்சிக்கொள்ளும். வெளியே வருவது வெள்ளைக் களி மட்டும்.

இதோடு கதை முடிந்திருந்தால் முள்வாலனின் மூக்கில் வெள்ளை இருக்க நியாயமில்லை. இன்னொரு சிக்கல் இருக்கிறது: உப்பு.

பாலைவனச் செடிகள் மண்ணிலுள்ள உப்பையெல்லாம் உறிஞ்சி இலையில் வைத்திருக்கும். இலை என்றாலே பொட்டாசியமும் அதிகம். பொட்டாசியம் என்பது இளநீரிலும் வாழைப்பழத்திலும் உள்ள உப்புச்சத்து. அளவாக இருந்தால் நல்லது. இரத்தத்தில் மிஞ்சிவிட்டால் இதயத் துடிப்பையே நிறுத்தும். கிராந்துருகோட்டைப் பக்கத்துச் சிறுநீரக நோயாளரிடம் இளநீரைக் குறைக்கும்படி வைத்தியர்கள் சொல்வது இதனால்தான். ஆரோக்கியமான மனிதச் சிறுநீரகம் மிச்ச உப்பைச் செறிவான சிறுநீராக்கி அனுப்பிவிடும். அதற்கென்று அதில் ஆழமாக வளைந்து திரும்பும் நுண்குழாய்கள் இருக்கின்றன. ஊர்வனவற்றின் சிறுநீரகத்தில் அந்த வளைவு கிடையாது. அதனால் அவற்றால் இரத்தத்தைவிடச் செறிவான சிறுநீரை உண்டாக்க முடியாது. உப்பைச் சிறுநீர் வழியாக மட்டும் அனுப்ப வேண்டுமென்றால் முள்வாலன் குடம் குடமாகத் தண்ணீர் குடிக்க வேண்டியிருக்கும்.

இதற்கு இயற்கை கண்ட வழி மூக்கு. மூக்கறையை ஒட்டி இரண்டு பக்கமும் ஒவ்வொரு சுரப்பி இருக்கிறது. உப்புச் சுரப்பி என்று அதற்குப் பெயர். இரத்தத்திலிருந்து மிச்ச உப்பைப் பிரித்து, இரத்தத்தைவிடப் பலமடங்கு செறிவான நீராக்கி மூக்குத் துளைக்கு அனுப்பும். அந்தச் சொட்டு நீர் வெயிலில் காய்ந்ததும் வெள்ளைப் படிவாகத் துளையைச் சுற்றி ஒட்டிக்கொள்ளும். சில சமயம் தும்மி உதறிவிடும். நீங்கள் பார்த்தது அதைத்தான். சிறுநீரகத்தால் முடியாத வேலையை மூக்கு செய்து முடித்ததற்கான மிச்சம்.

இப்படி ஒரு சுரப்பி இருக்கக்கூடும் என்பதே 1950களின் நடுப்பகுதிவரை யாருக்கும் தெரியாது. அதையும் கண்டறிந்தவர் மேலே சொன்ன அதே ஷ்மிட்-நீல்சன்தான் என்பது எனக்குப் பெரிய வியப்பு. கடற்பறவைகள் கடல்நீரைக் குடித்துவிட்டு எப்படிப் பிழைக்கின்றன என்று தேடிப்போனவர், அவற்றின் மூக்கு வழியே உப்புநீர் சொட்டுவதைக் கண்டார். பிறகு கடற்பாசி தின்னும் கலாபகஸ் தீவுகளின் கடல் இகுவானாவிலும், அதற்குப் பின் தரையில் வாழும் பாலைவனப் பல்லிகளிலும் அதே ஏற்பாடு இருப்பது வரிசையாக வெளிப்பட்டது. கடலும் பாலைவனமும் நமக்கு எதிரெதிராகத் தோன்றும். உப்பு அதிகம், நல்ல தண்ணீர் இல்லை என்ற கணக்கில் ஒரு பிராணிக்கு இரண்டும் ஒன்றுதான்.

தோலின் வழியே தண்ணீர் குடிக்கும் என்ற பேச்சையும் சிலர் சொல்லியிருக்கலாம். அது முள்வாலனைப் பற்றியது இல்லை. அவுஸ்திரேலியப் பாலைவனத்தில் முள்ளுப் பிசாசு எனப்படும் ஓணான் ஒன்று இருக்கிறது. இதே குடும்பம்தான். அதன் செதில்களுக்கு இடையே மயிரிழை அளவு பள்ளங்கள் ஓடி வாய் ஓரத்தில் முடிகின்றன. ஈர மணலில் காலை வைத்து நின்றால் போதும், தண்ணீர் தானாக ஏறி வாய்க்கு வந்துவிடும். அதுவும் தோலால் உறிஞ்சுவதில்லை. தோலின் மேல் ஓடவிட்டு வாயால்தான் குடிக்கிறது.

இனி நம் ஊவாவுக்கு வருவோம்.

ஜூன் முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குக் காற்று மத்திய மலைநாட்டின் மேற்குச் சரிவில் மழையைக் கொட்டிவிட்டு, ஹப்புத்தளை, இதல்கஸ்ஸின்னைப் பக்கத்து இடைவெளிகள் வழியாக வெறுங்காற்றாக நம் பக்கம் இறங்குகிறது. நுவரெலியாவில் நனைந்துகொண்டிருக்கும்போது பதுளையில் புழுதி பறப்பது இதனால்தான். நமக்கு மழை ஒக்டோபரில் தொடங்கி ஜனவரிவரை. இந்தக் காய்ச்சலில் தேயிலைச் செடியும் படாத பாடு படுகிறது. அந்தப் பாட்டில்தான் இலையில் மணப்பொருட்கள் கூடி, ஊவாத் தேயிலைக்கென்று ஒரு தனிச் சுவை வருகிறது. ஜூலை முதல் செப்டெம்பர் வரை பறித்த கொழுந்துக்குக் கொழும்பு ஏலத்தில் இருக்கிற மதிப்பு, அதைப் பறித்த உங்களுக்குத் தெரியாததல்ல.

பசறை, தெமோதரை, ஹாலி-எல உயரத்தில் நீங்கள் காண்பவை பெரும்பாலும் இரண்டு வகை. ஒன்று சாதாரண ஓணான், மண்ணிறமானது. மற்றது உடம்பெல்லாம் பச்சையாக, குறுக்கே வெளிர்ப்பட்டைகளோடு இருக்கும் பச்சோணான். இரண்டுக்கும் தோலும் கழிவும் முள்வாலனுக்குச் சொன்ன அதே வகைதான்: வியர்வை இல்லை, சிறுநீர் வெள்ளைக் களி. ஆனால் வரவில் அவை பாலைவனச் சொந்தத்தைவிடக் கொடுத்துவைத்தவை. பூச்சி தின்கின்றன. பூச்சியின் எடையில் பாதிக்கு மேல் தண்ணீர். ஒரு வெட்டுக்கிளியை விழுங்கினால் சோறும் தண்ணீரும் ஒன்றாகக் கிடைத்த மாதிரி. காற்று ஓய்ந்த இரவில் பனி இறங்கினால், விடியற்காலையில் இலை நுனியில் நிற்கும் துளியை நக்கிக் குடிக்கும். குளத்திலோ கானிலோ வாய் வைத்துக் குடிப்பதில்லை என்பதால்தான் நீங்கள் அதைக் கண்டதில்லை. பெரட்டுக்குப் போகும் வழியில் கவ்வாத்து வெட்டின மலை ஓரம் ஒருநாள் நின்று பாருங்கள். செடியின் மொட்டைக் குச்சியில் ஓணான் பக்கவாட்டாகத் திரும்பி, விலா முழுக்க வெயில் படும்படி உடம்பைத் தட்டையாக்கிக்கொண்டு நிற்கும். கருத்திருக்கும். அரை மணித்தியாலம் கழித்துப் பார்த்தால் நிறம் வெளிறியிருக்கும். முள்வாலன் வளை வாசலில் செய்வதும் இதையேதான்.

ஆண் ஓணானின் கழுத்து சிவந்திருப்பதைப் பார்த்து, தூரத்திலிருந்தே நம் இரத்தத்தை உறிஞ்சுகிறது என்று பிள்ளைகளைப் பயமுறுத்துவார்கள். அதில் ஒரு துளி உண்மையும் இல்லை. இனப்பெருக்கக் காலத்தில் பெண்ணைக் கவரவும் மற்ற ஆணை விரட்டவும் காட்டுகிற நிறம் அது.

பாலைவனத்தோடு ஒப்பிட நினைத்தால் ஊவாவின் எல்லை மலையுச்சிக்குப் போக வேண்டும். ஒஹியாவில் இறங்கி ஹோர்ட்டன் சமவெளிக்கு ஏறினால், கடல் மட்டத்திலிருந்து 2,100 மீற்றர் உயரத்தில், பாசி படர்ந்த குட்டை மரங்களில் இதே குடும்பத்தின் வேறு பிள்ளைகள் இருக்கின்றன. மூக்கு நுனியில் வெள்ளைக் கொம்போடு ஒன்று. வாலைக் கிளையில் சுருட்டிப் பிடித்துக்கொண்டு மெல்ல நகரும் சிறு ஓணான் இன்னொன்று. கோஃபோட்டிஸ் சிலானிக்கா என்பது அதன் பெயர். இலங்கையைத் தவிர உலகில் வேறெங்கும் இவை இல்லை. இவற்றுக்குத் தண்ணீர்க் கவலை கிடையாது, குளிர்தான் கவலை. முள்வாலன் கோடையில் வளைக்குள் முட்டையிட்டு, மண்ணின் சூட்டில் பொரிய விட்டுவிடும். அந்த மலையுச்சி மண்ணின் குளிர் முட்டைக்கு அவ்வளவு உகந்ததல்ல. ஆகவே கோஃபோட்டிஸ் முட்டையிடுவதே இல்லை. கருவை வயிற்றில் சுமந்து, வெயில் படும் இடமாகத் தேடித் தேடி நின்று உடம்பைச் சூடாக்கி, குட்டியாகவே ஈன்றுவிடுகிறது. ஒரே குடும்பத்தில் ஒருவர் சூட்டோடும் ஒருவர் குளிரோடும் போராடி, இரண்டு பேரும் வென்றிருக்கிறார்கள்.

முள்வாலனால் சமாளிக்க முடியாதது மனிதரைத்தான். வாகனத்தில் துரத்திப் பிடிப்பதும், மேய்ச்சலால் செடிகள் அழிவதும் சேர்ந்து அதன் எண்ணிக்கையைக் குறைத்துவிட்டன. இயற்கைப் பாதுகாப்புக்கான பன்னாட்டு ஒன்றியத்தின் செம்பட்டியலில் அது அழியக்கூடிய நிலையில் உள்ள இனமாகப் பதிவாகியிருக்கிறது. இந்தியாவின் தார்ப் பாலைவனத்திலும் கட்ச்சிலும் அதற்கு ஒரு நெருங்கிய சொந்தம் உண்டு. உருவத்தில் சிறியது, அதுவும் இலை தின்னி, வளைக்குள் போனதும் வாசலை மண்ணால் அடைத்துக்கொள்ளும் சாதுவான பிராணி. அதைத்தான் உயிரோடு பிடித்து, கொழுப்பை உருக்கி, ‘சாண்டா எண்ணெய்’ என்று மூட்டுவலிக்கும் ஆண்மைக் குறைவுக்கும் வடநாட்டுச் சந்தைகளில் விற்கிறார்கள். 1972ஆம் ஆண்டின் இந்திய வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம். மேலே விளக்கியபடி, அந்தக் கொழுப்பு பஞ்சகாலத்துக்கு அது சேர்த்து வைத்த உணவு. மற்ற பிராணிகளின் கொழுப்பில் இல்லாத மருந்து எதுவும் அதில் கிடையாது. நம் கொம்பு ஓணான்களுக்கும் இப்படிக் கண் பட்டிருக்கிறது. வெளிநாட்டில் செல்லப்பிராணியாக விற்கக் கடத்துகிறார்கள். 2019இல் ஜெனீவாவில் கூடிய சைட்டிஸ் மாநாடு, அதாவது அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் உடன்படிக்கையில் சேர்ந்த நாடுகளின் கூட்டம், இலங்கை கேட்டுக்கொண்டபடி அவற்றைத் தன் பட்டியலில் சேர்த்துக்கொண்டது.

ஆகவே சகோதரி, உங்களிடம் இரண்டு வேண்டுகோள். திரும்ப வளைகுடாவுக்குப் போகிறவர்கள் உங்கள் தோட்டத்தில் இருந்தால், முள்வாலனின் எண்ணெயோ கொழுப்போ மருந்தென்று யாராவது கொடுத்தால் வாங்கி வர வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். லயத்துப் பிள்ளைகள் ஈர்க்கில் சுருக்குப் போட்டு ஓணான் பிடிக்கப் புறப்பட்டால், முதலில் சுவரில் பல்லி எச்சத்தின் வெள்ளை நுனியைக் காட்டி, அது என்ன என்று அவர்களிடம் கேளுங்கள். விடை தெரிந்த பிள்ளை சுருக்கை எடுக்காது என்று நான் நம்புகிறேன்.